மூன்றாவது பொத்தான்

என் கணவர் பிரபு சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் சொந்தக்காரர்களுக்குப் போயின. எனக்கென்று கொடுத்தது ஒரு கறுப்புப் பெட்டி. டிபன் டப்பா அளவுதான் இருக்கும். பின்னால் ஏகப்பட்ட ஓட்டைகள், முன்னால் வரிசையாக மூன்று பொத்தான்கள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டேன். இனிமேல் நாம் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆறு வருஷம் அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். உலகமெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அது. அவருக்கு வேலை போகவில்லை. ஆனால் அலுவலகத்தைச் சுருக்குகிறார்கள், சிலரை வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்கிறார்கள் என்றார். மூன்று மாதம் குடவாசலில் எங்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்துக் காட்ட வேண்டும். சரிப்பட்டால் இங்கேயே இருந்துவிடலாம், சரிப்படாவிட்டால் திரும்பிப் போக வேண்டும், முடிவு மேனேஜர் கையில் என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து நான் கோணேசுவரர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போய் அர்ச்சனை செய்தேன். பெயர், நட்சத்திரம் எல்லாம் அவருடையது. வேண்டுதல் மட்டும் சிங்கப்பூர் மேனேஜரின் நல்ல புத்திக்காக.

மேசை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் இல்லாத வருஷங்களில் நான் சும்மா இருக்கவில்லை. குடவாசலிலும் அக்கம்பக்கத்திலும் உரக்கடைகள், ஒரு விதைக்கடை, ஒரு ரைஸ்மில் இவற்றுக்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுத்தேன். வாசல் அறையில் மேசை போட்டு, விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றும் மானிட்டர் ஒன்றும் என் சம்பாத்தியத்தில் வாங்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த மானிட்டரில்தான் அவர் வருவார். எங்கள் மகளுக்கு அப்பா என்றால் கழுத்துக்கு மேலே மட்டும்தான், அதுவும் அந்தக் கண்ணாடிக்குள்தான்.

இப்போது அவர் முழு உருவமாக வந்து, இன்னொரு மானிட்டரும் லினக்ஸ் கம்ப்யூட்டரும் வாங்கி, என் மேசையின் இடது பக்கம் குடியேறினார். இரண்டு கம்ப்யூட்டரும் மேசைக்கு அடியில். மேலே இரண்டு மானிட்டர்கள், ஒரே ஒரு கீபோர்டு, ஒரே ஒரு மவுஸ். எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பெட்டி. முதல் பொத்தான் இடது மானிட்டருக்கு, இரண்டாவது வலது மானிட்டருக்கு, மூன்றாவது கீபோர்டுக்கும் மவுஸுக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் மேலே கடுகளவு விளக்கு. பச்சை எரிந்தால் அவருடைய லினக்ஸ், சிவப்பு எரிந்தால் என்னுடைய விண்டோஸ். விடியற்காலையிலிருந்து மதியம்வரை அவர் முறை, அதற்குப் பிறகு என் முறை. நடுவில் யாருக்காவது அவசரம் வந்தால் பொத்தானை அழுத்திக்கொள்ள வேண்டியது. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் விரல் அடிக்கும் தாளைப் பார்த்தால் கைமேல் ஸ்கேல் விழும். பார்க்க வேண்டியது பக்கத்தில் வைத்திருக்கும் காகிதத்தை மட்டும்தான். அந்தப் பழக்கம் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் போகவில்லை. பில்லைப் பார்த்து அடித்துக்கொண்டே போவேன், மானிட்டரை நிமிர்ந்தும் பார்க்க மாட்டேன். அவர் வந்த முதல் வாரத்தில் விதைக்கடை பில்களை ஒரு கட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தால், என் கணக்கில் ஒன்றுமே ஏறவில்லை. மூன்றாவது விளக்கு பச்சையில் இருந்திருக்கிறது. ஆடுதுறை விதைநெல் எத்தனை மூட்டை யார் வாங்கினார் என்ற விவரமெல்லாம் அவருடைய கறுப்புத் திரை வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே இருப்பவர்கள் இது என்ன சங்கேத மொழி என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பில்லையும் மறுபடி அடித்தது நான்தானே.

அவருடைய வேலையும் எனக்குப் பிடிபடவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் கிடையாது. மவுஸைத் தொடவே மாட்டார். அவர் அடிக்கிற எழுத்து முதலில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் நம் திரையில் விழும் என்றார். எங்கள் ஊர் இன்டர்நெட் லைன் இருந்த லட்சணத்தில் போய்வருவதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே அவர் ஒரு வாக்கியத்தை முழுக்க அடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எழுத்துகள் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அடிக்கும்போது பார்க்காதவள், அவர் அடித்த பிறகு பார்ப்பவர். இப்படி இரண்டு பேருக்கு ஒரு கீபோர்டு.

மேசையோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர் வீட்டில் இருந்ததே எனக்குப் பெரிய குழப்பமாகிவிட்டது. சமையலறையில் டப்பாக்களை அளவுவாரியாக அடுக்கி வைத்தார்; எனக்குப் பெருங்காயம் அகப்படவில்லை. ரைஸ்மில் ஆள் வந்தால் இவர் போய் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, அரசியல் பேசி அரைமணி ஓட்டினார். மகள் வீட்டுப்பாடத்தை அவர் மடியைத் தாண்டி என்னிடம் நீட்டினாள். அவர் தள்ளி உட்கார்ந்தார். அதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஆறு வருஷம் இந்த மனிதர் வர வேண்டும் என்றுதானே இருந்தேன்? வந்துவிட்டார். பிறகு ஏன் மதியம் அவர் தூங்கும் நேரத்தில் மட்டும் எனக்கு வீடு வீடாகத் தெரிகிறது? யாரிடமும் கேட்க முடியாத கேள்வி இது. புருஷன் அரபு நாட்டிலும் மலேசியாவிலும் இருக்கிற எத்தனையோ பெண்கள் என்னைப் பார்த்துக் கொடுத்து வைத்தவள் என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆடி மாதம் ஒருநாள் நாகநாதன் உரக்கடைக்கு வரிக்கணக்கு முடிக்க வேண்டிய கடைசி நாள். நான் பாதியில் அடுப்பைப் பார்க்கப் போனேன். அந்த நேரத்தில் அவருக்குச் சிங்கப்பூரிலிருந்து அவசர வேலை வந்து, பொத்தான்களை அழுத்தி உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் தன்னுடைய கம்ப்யூட்டரை அணைப்பதாக நினைத்து என்னுடையதை அணைத்துவிட்டார். கணக்கு சேமிக்கவில்லை. காலையிலிருந்து செய்தது போயிற்று. நாகநாதன் போனில் மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு இவரிடம் திரும்பி, நீங்கள் அங்கே இருந்தபோதே நன்றாக இருந்தது என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை, வாயாரச் சொன்னேன். அவர் குனிந்து என் கம்ப்யூட்டரை மறுபடி போட்டுக் கொடுத்தார். மறுநாளே அந்தப் பேச்சு எனக்கு மறந்துவிட்டது.

சரசுவதி பூஜை வந்தபோது மூன்று மாதம் முடியும் சமயம். மேனேஜர் என்ன சொன்னார் என்று தினம் கேட்பேன். இன்னும் சொல்லவில்லை என்பார். ஆறு வருஷம் பூஜை பார்க்காத மனிதர், அன்றைக்கு வட்டியும் முதலுமாகச் செய்தார். மேசையைத் துடைத்து, இரண்டு கம்ப்யூட்டருக்கும் மாலை போட்டு, மானிட்டர், யூ.பி.எஸ்., மோடம், கால்குலேட்டர், ஸ்டேப்ளர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் வைத்தார். கறுப்புப் பெட்டிக்கு மூன்று பொத்தான்கள் இருந்ததால் மூன்று பொட்டு. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து விளக்கை மூடி, பொத்தான் இடுக்கெல்லாம் இறங்கும்படி அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் யாரும் தொடவில்லை. அவர் சிங்கப்பூருக்கு லீவு சொல்லிவிட்டார். சந்தனம் நிம்மதியாகக் காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. பூஜையிலிருந்து எடுத்ததும் முதலில் ஏதாவது எழுத வேண்டும், அப்போதுதான் வருஷம் முழுக்க வேலை ஓடும். காலையில் அவர் குளிக்கப் போனபோது நான் மூன்று பொத்தான்களையும் அழுத்தி விண்டோஸுக்குக் கொண்டுவந்தேன். விளக்கு தெரியவில்லை, ஆனால் மானிட்டரைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து நடுவில் பிள்ளையார் சுழி போட்டேன். பிறகு எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு எழுந்தேன். அவர் வந்ததும், உங்கள் வேலையை இடது மானிட்டரில் மட்டும் பாருங்கள், சுழி போட்ட பக்கம் மதியம்வரை வலதில் அப்படியே இருக்கட்டும் என்றேன். சரி என்று முதல் பொத்தானையும் மூன்றாவது பொத்தானையும் அழுத்தினார். இடது மானிட்டரில் அவருடைய கறுப்புத் திரை வந்தது. மூன்றாவது பொத்தான் இந்த முறை சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு அரைகுறையாக உள்ளே போனது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உரக்கடை பில்களைத் தேதிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் இடது திரையையே பார்த்தபடி அடிக்க ஆரம்பித்தார். வலதுபக்கம் ஏதோ அசைவதுபோல் இருக்கவும் நிமிர்ந்தேன். பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன. ஆங்கிலம்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

மூன்று மாதம் போதும், நான் திரும்பி வந்துவிடுகிறேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டு இடது திரையில் எழுத்து வருவதற்காகக் காத்திருந்தார். லைன் இன்றைக்கு ரொம்ப மெதுவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எப்படியும் பின்னால் வந்துவிடும் என்ற தைரியத்தில் மேலே அடித்தார். என்னிடமிருந்து ஒரு முழம் தூரத்தில் இருந்தார். வலதுபக்கம் திரும்பவே இல்லை.

முடிவை என்னிடமே விட்டதற்கு நன்றி. ஒரே ஓர் உதவி வேண்டும். கம்பெனிதான் கூப்பிடுகிறது என்று எனக்கு ஒரு மெயில் அனுப்புங்கள், வீட்டில் காட்ட வேண்டும். என் மனைவி இங்கே எல்லாவற்றையும் நன்றாகத்தான் நடத்திக்கொள்கிறாள். நான் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். என்னால் அவள் வேலைதான் கெடுகிறது. போ என்று அவள் நேரடியாகச் சொல்ல மாட்டாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முடிவு இவருடையதா? அப்படியானால் நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை யாருடைய புத்திக்காகச் சாமி கும்பிட்டேன்? பொய்யாக ஒரு மெயில் வரவழைத்து என் கையில் கொடுப்பாராம், நான் மூக்கைச் சிந்திக்கொண்டே பெட்டி கட்ட வேண்டுமாம். பில் கட்டைத் தூக்கி எறியலாம்போல இருந்தது. பிறகு கடைசி வரியை மறுபடியும் படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது.

லைன் செத்துவிட்டது போல, மோடத்தை அணைத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் எழுந்தார்.

"உக்காருங்க. லைன் நல்லாத்தான் இருக்கு. நீங்க அடிச்சது இங்க வந்துடுச்சு."

அவர் வலது மானிட்டரைப் பார்த்தார். சுழியைப் பார்த்தார், கீழே இருந்த தன்னுடைய வரிகளைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்க மட்டும் அவருக்கு ரொம்ப நேரமாயிற்று.

"நான் எப்பங்க உங்களைப் போகச் சொன்னேன்?"

"ஆடியில சொன்னியே ஈஸ்வரி. நாகநாதன் போன் பண்ணுன அன்னிக்கி."

அப்போதுதான் எனக்கு அது திரும்ப ஞாபகம் வந்தது. இல்லை என்று சாதிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன். இன்றைக்கு இவர் கிளம்புகிறார் என்றால் மனசு ஒப்பவில்லை. இரண்டும் நிஜம் என்றால் நான் என்னதான் நினைக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. விளங்காததை அப்படியே சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது பொய்ங்க. நீங்க இல்லாம இருக்கப் பழகிட்டேன். அதுக்கே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, தெரியுமா? இப்ப நீங்க இருக்குறதுக்குப் பழகணும். அதுக்கு மூணு மாசம் பத்துமா? அதுக்குள்ள பொட்டியத் தூக்குனா எப்படி?"

அவர் காய்ந்த சந்தனத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

"எனக்கும் சரியாத் தெரியலங்க. ஆனா கம்பெனி கூப்புடுதுன்னு சொல்லிக்கிட்டுப் போகாதீங்க. போறதுன்னா நீங்களா போங்க. இருக்குறதுன்னா நீங்களா இருங்க."

நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை இழுத்து, மூன்றாவது பொத்தான்மேல் இருந்த பொட்டை நகத்தால் சுரண்டினேன். வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழுத்தினேன். ஒட்டிக்கொண்டிருந்த பொத்தான் டக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. விளக்கு பச்சைக்கு மாறியது. கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன்.

இடது திரையில் மேனேஜர் கேட்டது ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. பிரபு, இருக்கிறாயா, என்ன முடிவு செய்தாய் என்று. அவர் கீபோர்டில் கை வைத்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. டைப்ரைட்டிங் படித்தவளுக்குக் காது இருக்கிறது. ஓர் எழுத்து, இடைவெளி, நான்கு எழுத்து, இடைவெளி, மறுபடி நான்கு எழுத்து, என்டர். அவ்வளவுதான் அடித்தார். பழக்கத்தில் என் கண் வலது மானிட்டருக்குப் போயிற்று. அங்கே புதிதாக ஒன்றும் விழவில்லை. சிங்கப்பூருக்குத்தான் போயிருக்கிறது.

இரண்டு பேரும் இடது திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 'ஐ' வந்தது. நின்றது. பிறகு 'வில்' வந்தது. அதற்குப் பிறகு லைன் படுத்துக்கொண்டது. எனக்கு உயிர் போய் வந்தது. இங்கிலீஷில் 'கம்' என்றாலும் நான்கு எழுத்து, 'ஸ்டே' என்றாலும் நான்கு எழுத்து. அந்த லைனை நான் திட்டாத திட்டு இல்லை, மனசுக்குள்தான். அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கப் பயமாக இருந்தது. எந்தப் பதிலுக்குப் பயப்படுகிறேன் என்று அதுவரை நிச்சயமாகத் தெரியாமல் இருந்தவளுக்கு, அந்த நேரத்தில் தெரிந்துவிட்டது.

முதலில் 'எஸ்' வந்தது.

மீதி மூன்று எழுத்தும் வரும்வரை நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கீபோர்டை என் பக்கம் இழுத்து, மூன்றாவது பொத்தானை அழுத்தி, விளக்கு சிவப்புத்தானா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துக்கொண்டேன். வலது மானிட்டரில் அவர் அடித்திருந்ததைக் கடைசி வரியிலிருந்து மேலே மேலே அழித்துக்கொண்டு வந்து, பிள்ளையார் சுழியோடு நிறுத்தினேன். அடிக்கும்போது பார்க்காத எனக்கு, அழிக்கும்போது ஒவ்வோர் எழுத்தையும் பார்க்க வேண்டியிருந்தது.

"நாளைக்குத் திருவாரூர் போயி உங்களுக்குன்னு ஒரு கீபோர்டு வாங்கிட்டு வந்துடுங்க," என்றேன். "இது என்னோடது."

சரி என்றார்.